கோர்ப்பதும் இரும்பு, அறுப்பதும் இரும்பு

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, வர்க்கலா கடற்கரையில் செங்குத்தாக நிற்கும் குன்றைப் பார்த்தால் மணற்பாறை என்றால் என்னவென்று புரியும். உச்சியில் இரும்புச் சிவப்பேறிய செம்புரைக்கல். அதன்கீழ் மணற்பாறையும் களிமண்ணும் மாறி மாறி. மேலே பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கி, களிமண் மறிக்கும் இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. பெயர்தான் பாறை, உள்ளே முழுக்க வழி.

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் 2004-இல் கண்டறியப்பட்ட மங்களா வயலின் எண்ணெயும் இப்படியொரு மணற்பாறைக்குள்தான் இருக்கிறது. மெழுகு மிகுந்த, கனத்த எண்ணெய். அதைத் தள்ளி வெளியேற்ற ஒரு கிணற்றின் வழியே வெறும் தண்ணீரைச் செலுத்தினால், தண்ணீர் எண்ணெயை விட்டுவிட்டு முந்திக்கொண்டு ஓடும். அதனால் தண்ணீரைக் கெட்டியாக்க பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரைக் கலக்கிறார்கள். சீனாவின் டாச்சிங் வயலில் 1990-களிலேயே பெரிய அளவில் செய்த காரியம் இது.

அந்த மூலக்கூறு ஒரு விந்தை. எடை 2 கோடி டால்டன் வரை போகும். அதாவது ஒரே சங்கிலியில் சுமார் 2,80,000 கண்ணிகள். இழுத்து நீட்டினால் 70 மைக்ரான், ஒரு தலைமயிரின் கனம்! நீரில் அது சுருண்டுதான் கிடக்கும். கண்ணிகளில் சுமார் கால்பங்கு எதிர்மின்னூட்டம் கொண்டவை. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் சுருள் உப்பி நிற்கிறது. லிட்டருக்கு ஓரிரு கிராம் போட்டாலே தண்ணீர் கெட்டிப்படுவது இதனால்தான்.

தண்ணீரைச் செலுத்தும் கிணற்றைச் சுற்றிப் பாறைத்துளைகளில் அடைப்பு வருவதும் அந்த நீளத்தால்தான். தூளை அவசரமாகக் கொட்டினால், கேழ்வரகு மாவு கட்டி தட்டுவதுபோல வெளியே நனைந்து உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும். இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. 2 பார் அழுத்தத்தில் 5 மைக்ரான் வடிகட்டி வழியே கரைசலை விடுகிறார்கள். 100 மில்லியிலிருந்து 200 வரை வடிய எவ்வளவு நேரம், 200-லிருந்து 300 வரை எவ்வளவு நேரம் என்று பார்க்கிறார்கள். பின்னது முன்னதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கரைசல் கிணற்றுக்கு ஆகாது. ஒரு கடிகாரமும் ஓர் அளவுக் குவளையும் போதும், பாறைக்குள் நடக்கப்போவது மேசைமேலேயே தெரிந்துவிடுகிறது.

இதையும் கடந்து அடைப்பு வரலாம். குழாய்த் துருவிலிருந்து வரும் இரும்பு, மூன்று நேர்மின்னூட்டம் ஏறிய நிலையில், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்து அசையாத கூழாக்கிவிடும். அதே இரும்பு, இரண்டு மின்னூட்டம் மட்டும் உள்ள நிலையில் ஆக்சிஜனைச் சந்தித்தால், சங்கிலியை அறுக்கும் வினைத்துகள்களைப் பிறப்பிக்கும். ஒரு மின்னூட்டம் கூடியதா குறைந்ததா என்பதில் ஒரு கிணற்றின் விதி இருக்கிறது.

அடைப்பை நீக்குகிறவர்கள் இந்த அறுக்கும் வேலையைத்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் டையாக்சைடு போன்றவற்றைச் செலுத்துகிறார்கள். பாலிமரை முழுக்க அழிக்கவேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதில் அழகு. 2,80,000 கண்ணிகள் கொண்ட சங்கிலியை 99 இடங்களில் அறுத்தால் 100 துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய தண்ணீர்போலவே ஓடிவிடும். மிஞ்சும் துருவுக்கு அமிலம். ஆனால் ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சந்தித்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் வெறும் தண்ணீர் விடுவார்கள்.

பாறை முழுவதையும் கழுவவேண்டியதும் இல்லை. கிணற்றின் ஆரம் 10 சென்டிமீட்டர், தண்ணீர் பரவும் தூரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்த அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஒரு மீட்டரிலேயே செலவாகிறது. அந்த ஒரு மீட்டர் திறந்தால் பெரும்பாலும் கிணறு திறந்த மாதிரி. பாறையில் கால்பங்கு துளை என்றால், ஒரு மீட்டர் தடிமனுக்கு 800 லிட்டர் மருந்து அதை நிரப்பிவிடும்.