பட்டினி போடும் பால்

வேப்பங்கொட்டைக் கரைசல் நன்றாக வந்திருக்கிறதா என்பதை வாளியை எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். நீர்மோரைப் போல வெளுத்திருக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. பூண்டு வாடை கலந்த கசப்பு நெடி மூக்கில் ஏற வேண்டும். கொல்லையில் ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு மாமரம் வைத்திருப்பவருக்கு இதைவிட நேர்த்தியான கைவேலை அமையாது என்பது என் கட்சி.

வேலை ஆனி, ஆடியிலேயே தொடங்கிவிடுகிறது. உதிர்ந்த வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி எடுத்து, கொட்டையை நிழலில் காயப்போட வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துப் பருப்பு கறுத்துவிடும். அதில் ஒன்றும் தேறாது. எடுத்துவைத்து மூன்று மாதமாவது ஆன, எட்டு பத்து மாதத்தைத் தாண்டாத கொட்டைதான் சரி. இடிப்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். ஆத்திரத்தில் போட்டுக் குத்தினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும், தண்ணீரோடு சேராது. பொடி உதிரியாக இருக்கும்போதே உலக்கையை நிறுத்திவிட வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் பருப்புப் பொடி என்பது கணக்கு. கொஞ்சம் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் மல்துணியில் இரண்டு முறை வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். இலையில் ஒட்டுவதற்குத் துளி காதி சோப்பு. வடிகட்டுவதில் சோம்பல்பட்டவர் தெளிப்பான் முனையை ஊசியால் குத்திக்கொண்டு நிற்பார்.

இதன் வேலைத்திறனைப் பார்த்தால்தான் ரசனை கூடும். அடித்தவுடன் பூச்சி செத்து விழும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றம்தான். எலுமிச்சைக் கொழுந்தில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த இளம் புழு மறுநாளும் உயிரோடுதான் இருக்கும். ஆனால் இலையைத் தின்னாது. தப்பித் தவறித் தின்றாலும் தோலுரிக்க முடியாமல் திணறும். கொட்டையில் உள்ள அசாடிராக்டின் புழுவின் பசியையும் வளர்ச்சியையும் குலைத்துவிடுகிறது. 1962-இல் டெல்லிப் பக்கம் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது, எஸ். பிரதானும் சக ஆய்வாளர்களும் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, ஆனால் கடிக்கவில்லை. 1968-இல் தனியே பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் பொருளை ஆய்வுக்கூடத்தில் முழுதாகக் கட்டியெழுப்ப, கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவுக்கு 22 வருடம் பிடித்தது, 2007-இல்தான் முடிந்தது. நம் மரமோ வருடா வருடம் அதைக் காலடியில் கொட்டிவிட்டுப் போகிறது.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலுக்கு நாட்டில் பேர் அதிகம். எனக்கு அதன்மேல் பெரிய மோகமில்லை. காற்று திரும்பினால் பூச்சிக்கு முன்னால் தெளிப்பவர் கண் எரியும்.

தெளிப்பது சாயங்கால வேலை. வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். தேர்ந்த கை இலையின் முகத்தைவிட முதுகைத்தான் தேடும். கொய்யாவின் சுருள் வெள்ளை ஈ வட்டம் வட்டமாக மெழுகுக் கோலம் போட்டு முட்டையிடுவது இலையின் அடியில்தான். முனையை மேல்நோக்கித் திருப்பி, புகை போன்ற சன்னத் தூறலாக விட வேண்டும். சொட்டச் சொட்ட ஊற்றுவது வீண். பூத்திருக்கும் மாமரத்தை விட்டுவிடுங்கள். பூவில் ஈயும் தேனீயும் வேலையாக இருக்கும்.

எங்கே தெளிக்காமல் நிற்பது என்பதும் இந்தக் கலையில் சேர்த்தி. 2008-இல் கோவையில் தலைகாட்டி மரவள்ளி, மல்பெரி வரை படர்ந்த பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது எந்த மருந்தும் இல்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவிதான் முக்கியமாக அந்த வேலையைச் செய்தது. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு இன்னொரு வேடிக்கை. அதுவும் வெள்ளை மெழுகு நூல் போர்த்தி, மாவுப்பூச்சி போலவே வேடம் கட்டிக்கொண்டு திரியும். அவசரக்காரர் இரண்டையும் ஒரே வீச்சில் நனைத்துவிடுவார். கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும்: நூல் நீளமாக, ஆள் பெரிதாக, விறுவிறுவென்று நடப்பது நம் கட்சி, மந்தமாக ஒட்டிக்கிடப்பது எதிரி. கிளையில் எறும்புச் சாரை இருந்தால் முதலில் அதை நிறுத்த வழி பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியையும் வண்டையும் அண்டவிடாது.

கலக்கிய கரைசலை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வைத்தால் வீரியம் போய்விடும். துணியில் தங்கும் சக்கையை எறிய வேண்டாம், எலுமிச்சைத் தூரில் மண்ணோடு கொத்திவிடலாம்.