எண்ணெய் எதுவரை காக்கும்?

பெண்ணுக்கு முடி கொட்டினால் நம் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது எண்ணெய்ச் சட்டிதான். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று கைக்குக் கிடைத்ததை அரைத்துத் தேங்காயெண்ணெயில் போட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி இறக்குவார்கள். இந்த வழக்கத்தைப் பத்தாம்பசலி என்று ஒதுக்குவது தவறு. முடி உதிர்வுக்கே இதுதான் மருந்து என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் நிறை. தேங்காயெண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவக்கூடியது. 2003இல் வெளியான ஆய்வொன்று தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. ஆய்வாளர்கள் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனாலும் எண்ணெய் வைத்த முடியில் சிக்கு எளிதில் பிரியும், அறுவது குறையும் என்பது சீப்பைப் பிடித்த எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் முடி அறுவது வேறு, வேரோடு உதிர்வது வேறு. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரிலிருந்து கழன்றது. அதற்கான காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கும். பிரசவம், டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், பட்டினி டயட் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். பிறகு பெரும்பாலும் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் தேய்த்த எண்ணெய்க்கு நல்ல பேர் கிடைத்துவிடுகிறது.

தானாக அடங்காதவையும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பிசிஓடி இவற்றில் எதையும் எண்ணெய் தீர்க்காது. பொடுகுத் தலையில் எண்ணெயை ஊறவிட்டால் பொடுகு கூடலாம். சில நோய்களில் முடிக்கால்களே தழும்பாகிவிடும். எண்ணெய் மாற்றி எண்ணெய் தேய்த்துக் கடத்திய மாதங்களில் போன முடி திரும்ப வராது.

மருந்துக்கும் இதே தராசு வேண்டும். வகிடு அகன்றுகொண்டே போகும் பரம்பரை உதிர்வுக்கு மினாக்ஸிடில் நன்கு சோதிக்கப்பட்ட மருந்து. அமெரிக்காவில் 1991இல் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் முதல் வாரங்களில் உதிர்வு கூடலாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். பயோட்டின் மாத்திரையோ, குறைபாடு இல்லாதவர்களுக்கு உதவும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. போதாக்குறைக்கு, தைராய்டு சோதனையின் முடிவையே பிறழக் காட்டக்கூடும்.

எண்ணெய் வழக்கத்தின் ஆகப்பெரிய குறை அதோடு ஒட்டிவரும் பழிச்சொல். “ஒழுங்கா எண்ணெய் வச்சா ஏன் கொட்டுது?” என்ற ஒரே கேள்வி, உடம்பு காட்டும் அறிகுறியைப் பெண்ணின் சோம்பலாக்கிவிடுகிறது. அவளும் அதை நம்பி, மருத்துவரிடம் சொல்லவே கூசுகிறாள்.

எண்ணெய் வைப்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கொட்டுவது மாதக்கணக்கில் நீடித்தாலோ வகிடு அகன்றாலோ ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு சோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். திட்டுத் திட்டாக விழுந்தாலோ, தலைத்தோல் எரிந்தாலோ தோல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அதற்கு வீட்டில் உள்ளவர்களே துணைக்குப் போவது, காய்ச்சித் தருகிற எண்ணெயைவிட அவளுக்கு அதிகம் உதவும்.