ஜொகூரின் எண்கோணத் தங்கக் காசும் அதைச் சேகரிப்பவர்களும்

பெக்கோக் போன்ற வட ஜொகூர் ஊர்களில், தோட்டத்தில் வேலை பார்த்துப் பிள்ளைகளைக் கரையேற்றிய தமிழ்க் குடும்பங்களிடம் தங்கக் காசு என்றால் அது பவுன் காசுதான். ஒரு பக்கம் ஆங்கிலேய அரசரின் தலை, மறுபக்கம் குதிரை மேலிருந்து அரக்கப் பாம்பைக் குத்தும் வீரன். பிஸ்துருச்சி என்ற இத்தாலியச் சிற்பி 1817-இல் செதுக்கிய உருவம் அது. காலனி அரசு 1906-இல் ஏழு பவுனுக்கு அறுபது வெள்ளி என்று மதிப்பை நிலைப்படுத்தியபின் இங்கே அதற்கு இன்னும் மவுசு கூடியது. ஆனால் இந்த மண்ணுக்கே உரிய தங்கக் காசு ஒன்று உண்டு. அதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

மலாக்கா 1511-இல் போர்த்துகீசியர் கைக்குப் போனது. அந்த அரச மரபில் வந்த சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா (1528–1564) ஜொகூர் ஆற்றங்கரையில் புது அரசை நிறுவினார். வெள்ளீயக் காசு அடித்த மலாக்காவின் வாரிசுகள் தங்கத்துக்கு மாறியது அவர் காலத்தில். பெரிய காசு ‘மாஸ்’, சுமார் இரண்டரை கிராம். அதில் கால் பங்கு ‘கூப்பாங்’, சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும். இந்தக் காசுகளில் பேர்பெற்றவை எட்டு மூலை கொண்டவை. சுற்றியிருந்த அரசுகள் பெரும்பாலும் வட்டக் காசு அடித்தபோது ஜொகூர் எண்கோணத்தைத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. உருவம் எதுவும் கிடையாது. இரு புறமும் அரபு எழுத்து: ஒன்றில் சுல்தானின் பெயர், இன்னொன்றில் பல காசுகளில் ‘கலீஃபத்துல் முஃமினீன்’, அதாவது விசுவாசிகளின் தலைவர் என்ற பட்டம். நாட்டை இழந்து தலைநகரை மாற்றிக்கொண்டே இருந்த ஓர் அரச குடும்பம், இரண்டரை கிராம் தங்கத்தில் இத்தனை பெரிய உரிமையைக் கோரியிருக்கிறது. அழகும் அரசியலும் இவ்வளவு சிறிய இடத்தில் கூடி வருவது அபூர்வம். சேகரிப்பாளர்கள் இதன் பின்னால் அலைவதில் ஆச்சரியமில்லை.

சிக்கலும் அந்த வடிவமைப்பிலேயே இருக்கிறது. காசில் ஆண்டு இல்லை. பெயராவது உதவுமா என்றால், அதுவும் இல்லை. அப்துல் ஜலீல் என்ற பெயரில் 1570-க்கும் 1720-க்கும் இடையில் ஜொகூரை ஆண்டவர்கள் நால்வர். அலாவுதீன் ரியாயத் ஷாக்களும் ஒருவருக்கு மேல். பவுன் காசை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு இருக்கும், பலவற்றில் அக்கசாலைக் குறியும் இருக்கும். 1918-இல் பம்பாயில் அடித்த பவுனில் பொடியாக ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது எந்தக் கடையில் கிடந்தாலும் தன் வரலாற்றைத் தானே சொல்லிவிடும். ஜொகூர் மாஸ் அப்படிச் சொல்லாது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற சாட்சி இருந்தால்தான் அதன் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியும். போர்த்துகீசியர் 1587-இல் அன்றைய தலைநகர் ஜொகூர் லாமாவை அழித்தார்கள். சுமத்ராவின் ஜாம்பிப் படை 1673-இல் இன்னொரு தலைநகரான பத்து சவாரைச் சூறையாடியது. இந்த இடங்களில் எந்த அடுக்கில் எந்தக் காசு கிடந்தது என்பது தெரிந்தால், நான்கு அப்துல் ஜலீல்களைப் பிரித்தறிய அது பெரிதும் உதவும்.

சேகரிப்பு என்ற பழக்கம் அடித்து நொறுக்குவது இந்தச் சாட்சியைத்தான். ஆற்றங்கரையில் கிண்டி எடுத்தவர் இடத்தைச் சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்தவன் வந்துவிடுவான். தரகர் கேட்க மாட்டார். வாங்குபவர் பளபளப்பையும் எழுத்தின் தெளிவையும் பார்த்து விலை பேசுவார். விற்பவர் அதற்காகவே மண் படிவத்தைக் கழுவித் துடைத்துவிடுவார். நம் பெண்கள் பவுனில் வளையம் பற்றவைத்துத் தாலிக்கொடியில் கோத்தார்கள், காசுமாலை செய்தார்கள். நாணயச் சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பற்றவைப்பு நேர்மையானது. காசுக்கு என்ன நேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கழுவிய காசில் இழப்பும் தெரியாது, இழந்தது எது என்பதும் தெரியாது. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரச்சான்று ஒட்டினாலும், அந்தச் சான்று உலோகத்தையும் தேய்மானத்தையும் பேசுமே தவிர ஊரைப் பேசாது. போதாக்குறைக்கு, ஆண்டில்லாத சின்னக் காசைப் போலியாக அடிப்பது எளிது. பிறந்த இடம் தெரியாத சந்தையில் போலியும் அசலும் ஒரே தட்டில் வந்து நிற்கின்றன.

இதனால் சேகரிப்பாளர்களை ஒட்டுமொத்தமாகத் திட்டுவது நியாயமாகாது. அவர்கள் காசு கொடுத்து வாங்காவிட்டால் இவற்றில் பாதி தட்டார் பட்டறையில் உருகியிருக்கும். இன்று ஆய்வாளர்கள் புரட்டும் அடிப்படை நூல், சரண் சிங் 1986-இல் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர், புருணை நாணயக் கலைக்களஞ்சியம். அப்படியொரு நூல் சேகரிப்பாளர்களின் உழைப்பில்லாமல் வந்திருக்காது. வகைப்படுத்துவது, எடை பார்ப்பது, எழுத்து வேறுபாடுகளை ஒப்பிடுவது என்று அவர்கள் செய்த வேலையின் மேல்தான் எல்லாரும் நிற்கிறோம்.

தமிழருக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டிய காரணமும் உண்டு. கிளந்தான், பட்டானித் தங்கக் காசுகளில் வரும் கீஜாங் மான், தென்னிந்தியக் காசுகளில் இருந்த திமில் காளையிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்து நாணயவியலாரிடையே உலவுகிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னத்திலும், 2001-இல் வெளியான கீஜாங் எமாஸ் முதலீட்டுக் காசிலும் நிற்பது அதே மான்தான். நமக்குப் பெருமை தரும் கருத்து என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ள முடியாது. காளைக் காசும் மான் காசும் ஒரே இடத்தில், ஒரே அடுக்கில் கிடைத்தால் பேசலாம். அந்த அடுக்குகளையும்தான் கிண்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, பண்பாட்டு மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் இருந்தும், கேள்வி கேட்காமல் வாங்குபவர் இருக்கும்வரை கிண்டுகிறவர் இருப்பார். ஆகவே, யாராவது உங்களிடம் எட்டு மூலைக் காசு ஒன்றை நீட்டினால், எடையையும் விலையையும் விசாரிக்குமுன் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.