தேவிக்கோட்டையின் விலை

கோட்டையைப் பிடித்தவன் கதையைக் கூறும் ஏடுகள் பல. அந்தக் கோட்டைக்காகக் கைவிடப்பட்டவன் கதையைக் கூறும் ஏடுகளோ மிகச் சில. கொள்ளிடம் கடலொடு கலக்கும் இடத்தருகே நின்ற தேவிக்கோட்டையைப் பற்றி நம் பிள்ளைகள் அறிவதென்ன? 1749-இல் ராபர்ட் கிளைவ் என்னும் இளைஞன் அங்கே முன்னணியில் பாய்ந்தான், உடன் சென்றோர் வெட்டுண்டு வீழ, தான் தப்பிப் புகழ்கொண்டான் என்பதே! அத்தோடு பாடம் முடிகிறது.

என் வகுப்பில் அத்தோடு முடியவில்லை. "சாகுஜிக்காக வந்த படை என்றீர்களே, ஐயா! சாகுஜிக்கு அரசு கிடைத்ததா?" என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்டான். நூலைப் புரட்டினேன். கிளைவ் இருந்தான், கோட்டை இருந்தது. சாகுஜியைத்தான் காணவில்லை. வரலாறு எழுதுவோர் கேட்க மறந்த கேள்வியை அச்சிறுவன் கேட்டுவிட்டான்.

நடந்தது இதுதான். தஞ்சை மராட்டியர் அரியணையில் 1739 முதல் பிரதாப சிங் வீற்றிருந்தார். அரியணை இழந்த சாகுஜி, கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்குச் சென்று கும்பினியாரிடம் முறையிட்டார். எனக்கு அரசைப் பெற்றுத் தாருங்கள், போர்ச் செலவையும் தருவேன், தேவிக்கோட்டையையும் தருவேன் என்றார். 1749 ஏப்பிரலில் கேப்டன் கோப் தலைமையில் படை புறப்பட்டது. புயல் அடித்தது. அட்மிரல் பாஸ்கவெனின் 'நாமூர்' கப்பல் கடலில் மூழ்கியது. சாகுஜியைக் கண்டதும் குடிமக்கள் திரண்டு வருவர் என்றார்களே, ஒருவரும் வரவில்லை. படை திரும்பியது.

அடுத்து மேஜர் லாரன்சு தலைமையில் இரண்டாம் படை கடல்வழி வந்து கோட்டையைப் பிடித்தது. பிடித்ததும் கும்பினியார் யாரோடு பேசினர்? சாகுஜியோடா? இல்லை, பிரதாப சிங்கோடு! தேவிக்கோட்டையும் 9,000 வராகன் வருவாயுள்ள நிலமும் கும்பினிக்கு. சாகுஜிக்கோ ஆண்டுக்கு 4,000 ரூபாய்! அதுவும் அவர் இனித் தொல்லை தராவண்ணம் கும்பினியே அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு! அரசனாக்க அழைத்து வந்தவரைக் காவலில் வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பினர்.

இதனை அரசியல் திறம் என்று பாராட்டுவோர் உண்டு. மக்கள் ஆதரவற்ற ஒருவனை விட்டு விலகியதில் பிழையென்ன என்று அவர்கள் கேட்பர். ஆதரவில்லை என்பது ஏப்பிரலிலேயே தெரிந்துவிட்டதே! அதன் பிறகும் படை வந்ததேன்? சாகுஜிக்காக அன்று, கோட்டைக்காக! அவர் பெயர் படையெடுப்பதற்கு ஒரு சாக்கு. கோட்டை கைக்கு வந்தபின் சாக்கு எதற்கு?

சாகுஜியை உத்தமர் என்று நான் கூறவில்லை. தனதல்லாத நிலத்தை அயலாருக்கு விலைபேசியவர் அவர். அந்த மண்ணில் சேறு மிதித்து நாற்று நட்டவனை அவர் கேட்டாரா? அவரும் கேட்கவில்லை, பிரதாப சிங்கும் கேட்கவில்லை, கும்பினியும் கேட்கவில்லை. ஆயினும் கைவிடப்பட்டவன் குற்றவாளி என்பதனால் கைவிட்டவன் நேர்மையாளன் ஆகிவிடுவானா?

விளைவைப் பாருங்கள். போட்டியாளன் ஒழிந்தான் என்று பிரதாப சிங் மகிழ்ந்திருக்கக்கூடும். 1752-இல் திருச்சிராப்பள்ளியில் நவாபு முகமது அலியும் கும்பினியும் தத்தளித்தபோது, தஞ்சைப் படை மானோஜியின் தலைமையில் சென்று துணை நின்றது. அந்த நட்புக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1762-இல் கும்பினி முன்னின்று செய்த உடன்படிக்கையின்படி தஞ்சை நவாபுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாய் திறை கட்ட வேண்டியதாயிற்று. 1773-இல் அதே கும்பினியின் படை அதே நவாபுக்காகத் தஞ்சையைப் பிடித்தது. பிரதாப சிங்கின் மகன் துளஜா சிறைப்பட்டார். 1776-இல் நாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் 1799-இல் சரபோசியின் கையெழுத்தோடு ஆட்சி கும்பினியின் கைக்கே போயிற்று. சாகுஜியைக் கைவிட்டபோதே அந்தக் கை எத்தகையது என்று தஞ்சை அறிந்திருக்க வேண்டும். அறியவில்லை!

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஈரானின் ஷா அமெரிக்கத் துணையோடு குர்து மக்களுக்குப் படைக்கலம் வழங்கி ஈராக்கிற்கு எதிராகப் போரிட வைத்தார். 1975 மார்ச்சில் அல்ஜியர்சில் ஈராக்கோடு எல்லைத் தகராற்றைத் தீர்த்துக்கொண்டதும் உதவி நின்றது. முஸ்தபா பர்சானியின் கிளர்ச்சி சில வாரங்களில் சரிந்தது. 2019 அக்டோபரில் சிரியாவின் வடகிழக்கு எல்லையிலிருந்து அமெரிக்கப் படை விலகியது. உடனே துருக்கிப் படை புகுந்தது, லட்சத்திற்கு மேற்பட்டோர் வீடிழந்து ஓடினர். ஐ.எஸ். கொடியோரை எதிர்த்த போரில் ஏறத்தாழ 11,000 பேரை இழந்தோம் என்று குர்தியர் தலைமையிலான படை கூறியிருந்ததே! அந்தக் குருதிக்கு விலை அவ்வளவுதானா?

நம் கதைக்கு வருவோம். 1987 சூலை 29 உடன்பாட்டின்படி ஈழம் சென்ற இந்திய அமைதி காக்கும் படையின் நிழலில், 1988-இல் வடகிழக்கு மாகாண ஆட்சி அமைந்தது. வரதராசப் பெருமாள் முதலமைச்சரானார். அந்த ஆட்சியைக் காக்கவென்று தமிழ்த் தேசிய ராணுவம் உருவாக்கப்பட்டது. அதில் வலிந்து இழுத்துச் சேர்க்கப்பட்ட இளைஞர்களும் இருந்தனர். படை விலக விலக, அவ்விளைஞர் விடுதலைப் புலிகளின் கையில் வீழ்ந்தனர். 1990 மார்ச்சு 24-இல் கடைசிப் படையணி திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது.

அப்படை ஈழத்தில் தமிழரைக் கொன்றது. அதனாலேயே சென்னையில் அதனை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் செல்லவில்லை. அது திரும்பியது சரியே. இரண்டையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும். அயல்மண்ணில் நிற்கும் படை திரும்புவது குற்றமன்று. நம்பச் சொல்லி, கருவி கொடுத்து, அண்டை அயலாரின் பகையையும் தேடிக்கொடுத்து, பின் நள்ளாற்றில் விட்டுத் திரும்புவதே குற்றம். படையை அனுப்பும் நாளிலேயே, திரும்பும் நாளில் இவர்கள் கதி என்ன என்று கேட்காத அரசு, நட்பு என்ற சொல்லைச் சொல்லத் தகுதியற்றது. நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று அதிகாரங்கள் வகுத்த வள்ளுவரின் மொழி பேசும் நாம் இதனை உணர வேண்டாமா?

மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்: கும்பினிக்குக் கோட்டை, பிரதாப சிங்குக்கு அரியணை, சாகுஜிக்கு 4,000 ரூபாயும் காவலும். அதே சிறுவன் மீண்டும் எழுந்தான். "உழவனுக்கு, ஐயா?"

அந்த வரியை நான் எழுதியிருக்கவில்லை. எழுதினேன்: "திறை." நம் வரலாற்று நூல்களும் இனி அந்த வரியிலிருந்தே தொடங்கட்டும்!