பகுப்பும் தீர்ப்பும்

தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். கட்டுரையின் அடியில் இடப்பெறும் ‘பகுப்பு’ என்னும் பொருட்பெயரைப் பலர் வெறும் ஒட்டுச்சீட்டாகவே கருதுவர். அதுவும் ஒரு திறனாய்வுச் செயலே என்பது எமது கருத்து.

சுவாமி விபுலாநந்தரை நோக்குவோம். அடிகளார் 1892 இல் காரைதீவிலே பிறந்தார். அன்று மட்டக்களப்பைச் சார்ந்திருந்த அவ்வூர், 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கிற்று. 1947 இல் மறைந்தவரை ‘அம்பாறை மாவட்டத்தவர்’ என வகுப்பது, அவர் வாழ்நாளில் இல்லாத மாவட்டத்தில் அவரைக் குடியேற்றுவதாகும். மட்டக்களப்பு மாவட்டத்தவர் என்று மட்டும் வகுத்தாலோ, இன்றைய காரைதீவு மாணவன் தன் மாவட்ட வரிசையிலே அவரைக் காணான். நூலகத்தில் ஒரு நூல் ஓர் அடுக்கிலேதான் நிற்கும். இங்கு ஒரு கட்டுரை பல பகுப்புகளில் நிற்கலாம், ஆதலால் இரண்டையும் இடுக என்பர் சிலர். அது சிக்கலை அவிழ்ப்பதன்று, ஒளிப்பதாகும். காரைதீவைச் சேர்ந்தோர் என ஊர்ப்பெயராலே பகுப்பு அமைத்து, அதனை இன்றைய மாவட்டத்தின் கீழும் மட்டக்களப்புப் பண்பாட்டுப் பிரதேசத்தின் கீழும் சேர்ப்பதே முறை. மாவட்டம் பிரிந்து மூன்றாண்டின் பின், 1964 இல், வீ. சீ. கந்தையா தம் நூலுக்கு ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எனப் பெயரிட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. நிருவாகக் கோடு வழக்காற்றை அழிக்கவில்லை.

அடிகளாரின் யாழ்நூலை (1947) இசையில் வகுப்பதா, கணிதத்தில் வகுப்பதா? அறிவியல் பயின்ற அவர் நரம்புகளின் சுருதியளவைக் கணக்கிட்டே நிறுவினார். எனினும் அங்குக் கணிதம் கருவி, இசையே பொருள். கணிதப் பகுப்பிலே அந்நூலைக் காண்பவன் ஏமாறுவான்.

மிகக் கடினமானது எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’. அதன் அரசர் கதைகளையும் காலக்கணிப்பையும் வரலாற்றாசிரியர் அப்படியே ஏற்பதில்லை. குடிமரபு, கோயில் வழமை ஆகியவற்றை ஆராய்வோர்க்கோ அது இன்றியமையாதது. கட்டுரையின் உள்ளே ‘என்பர்’, ‘எனக் கருதப்படுகிறது’ என்று ஐயத்தைப் புலப்படுத்தலாம். பகுப்புக்கு அந்த வசதி இல்லை. ‘வரலாற்று நூல்கள்’ என்று இட்டால் அது சான்றிதழ். ‘தொன்மங்கள்’ என்று இட்டால் அது தள்ளுபடி. (ஊர்ப்பற்று முன்னதை நாடும், பட்டப்படிப்பின் செருக்குப் பின்னதை நாடும்.) ‘மரபுவழி வரலாற்று நூல்கள்’ எனலே தகும் என்போம். உடன்படாதார் அதனை நீக்கலாம்; நீக்குமுன் உரையாடற் பக்கத்திலே காரணத்தை எழுதுதல் வேண்டும்.