நெய்தலும் சுண்ணாம்புக் காளவாசலும்

திணைக் கோட்பாட்டைச் சூழலியலாக வாசிக்கும் போக்குக்குக் கல்விப்புலத்தில் இன்று மரியாதை கூடியிருக்கிறது. நிர்மல் செல்வமணி போன்றோர் இதை ஒரு திறனாய்வு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். நிலம், பொழுது, மரம், பறவை, மனிதர், தெய்வம் எல்லாம் ஒரே குடும்பம் என்பது இந்த வாசிப்பின் சாரம். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அதன் கவர்ச்சி தெரியும். நிலத்தை வெறும் சரக்காகப் பார்க்கும் வளர்ச்சிவாதத்தை எதிர்க்க அது ஒரு பிடிமானம் தருகிறது என்பதையும் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. இந்தக் குடும்பத்தில் கூடத்தில் உட்கார்ந்திருப்பது யார்? வாசலுக்கு வெளியே நிற்பது யார்?

இலக்கணமே பதில் சொல்கிறது. தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாக ஆக்குவதில்லை. கைக்கிளை, பெருந்திணை என்கிற வெளித்திண்ணைதான் அவர்களுக்கு. உரைகாரர் இளம்பூரணர் காரணமும் சொல்கிறார்: பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களால் அறம், பொருள், இன்பம் வழுவாமல் நடப்பது அரிதாம், நாணமும் குறைவாம். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் இன்னும் கறாரானது. கருப்பொருள் 14 என்று எண்ணும்போதே மனிதரை 'உயர்ந்தோர்', 'அல்லோர்' என்று பிளந்துவிடுகிறது. நெய்தலில் சேர்ப்பனும் புலம்பனும் உயர்ந்தோர். உப்பு விளைவிக்கும் அளவர் அல்லோர். உப்பு எல்லோர் சோற்றிலும் சேரும், விளைவிச்சவன் மட்டும் சேரமாட்டான். ராஜ் கௌதமன் பழந்தமிழ் நூல்களைச் சமூக உருவாக்கத்தின் சாட்சியங்களாக வாசித்துக் காட்டிய பிறகும், திணைச் சூழலியல் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துத்தான் போகிறது.

பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. மன்னார் வளைகுடாவுக்கு வாருங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். பார்வைக்குக் கல், உண்மையில் கோடானுகோடி சிற்றுயிர்கள் கட்டிய ஊர். அந்த உயிரியின் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி வெயிலை வாங்கிச் சோறாக்கித் தருகிறது. உயிரி தன் எலும்புக் கூட்டைச் சுண்ணமாக வளர்க்கிறது. சுண்ணம் என்பதால்தான் மனிதர் கண்ணும் அதன்மேல் விழுந்தது. 1960கள் தொட்டுச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் கால்சியம் கார்பைடுக்கும் டன் கணக்கில் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. கல் வெட்டியதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுவதைக் கடையர்களின் தொழிலாக எட்கர் தர்ஸ்டன் 1909லேயே பதிவு செய்திருக்கிறார். கடையர் இன்றும் பட்டியல் சாதி. அக்கிரகாரத்துச் சுவருக்கும் கோயில் மதிலுக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்குத் தீட்டு இல்லை. சுட்டவனுக்கு மட்டும் தீட்டு! காளவாசல் புகையைக் குடித்தவனுக்குக் காரை வீடு வாய்த்ததா? ஓலைக் குடிசைதானே மிச்சம்.

1986இல் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம், 2001இல் பவளம் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில். இவை தேவையான சட்டங்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டத்தின் கை எங்கே நீளுகிறது? மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பேர் சொல்லி, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கும் பெண்களிடம் உடனே நீளுகிறது. தீவுப் பக்கம் போனால் குற்றம். அதே கடலுக்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் வெந்நீரும் நகரத்துச் சாக்கடையும் கேட்பாரில்லாமல் இறங்கின. பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் ஒன்று ஊக்குவித்து வளர்த்த அந்நியப் பாசி, குருசடைத் தீவில் பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2010லும் 2016லும் கடல் சூடேறியது. உள்ளே குடியிருந்த பாசியை இழந்து பவளம் வெளுத்தது; ஏராளம் செத்தது. அந்தச் சூட்டைக் கிளப்பியது பாசி எடுத்தவளின் அடுப்பா?

பழைய இலக்கணமும் புதிய பூங்காவும் ஒன்றுபோலப் பேசுவது இங்கேதான். மீனும் மரமும் பறவையும் பட்டியலில் ஏறும். உழைக்கிறவர் அங்கே 'அல்லோர்', இங்கே 'அச்சுறுத்தல்'. சுண்ணாம்பு வாங்கிய நகரத்துக்கும், குத்தகையில் லாபம் பார்த்தவனுக்கும் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

அதற்காகப் பவளம் போனால் போகட்டும் என்று நாம் சொல்ல முடியாது. அலையின் வேகத்தை உடைப்பது பாறை. மீன் குஞ்சு பொரித்து வளர்வதும் அங்கே. பாறை செத்தால் நகரத்துக்காரன் வேறு கடற்கரைக்குச் சுற்றுலா போவான். கரையோரக் குடிசைக்குப் போக்கிடம் ஏது? பவளத்தைக் காப்பது நம்ம சனங்களின் உயிர்ப் பிரச்சினை. ஆகவே காவலின் முடிவுகளை எடுக்கும் இடத்தில் அவர்கள் உட்கார வேண்டும். கூலிக்குக் கல்லெடுத்த கைக்குத்தான் எந்தப் பார் எங்கே இருந்தது என்று தெரியும்.

திறனாய்வாளர்களுக்கு ஒன்று: திணையை மீட்கப் போகிறவர்கள் முதலில் அந்த வெளித்திண்ணையை இடிக்க வேண்டும். நமக்கும் ஒன்று: தலித் எழுத்து வயலையும் சேரியையும் எழுதிய அளவுக்குக் கடலை எழுதவில்லை. தலைவி மணலில் நின்று இரங்கியது போதும். காளவாசல் சூட்டில் நின்றவள் தன் நெய்தலைத் தானே சொல்லட்டும்.