இரவல் நீர்மூழ்கியின் வரவும் செலவும்

1971 டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே பாகிஸ்தானின் நீர்மூழ்கி 'காஸி' மூழ்கி அழிந்தது. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கொடிதான் பாகிஸ்தானுடையது, கப்பல் அமெரிக்காவுடையது. 1945-ல் 'டயப்லோ' என்ற பெயரில் படையில் சேர்ந்து, முதல் போர் ரோந்துக்குக் கிளம்பிய சில நாட்களில் ஜப்பான் பணிந்துவிட்டதால் சண்டை பார்க்காமலே திரும்பியது. 1964-ல் அதைத் தன் கூட்டாளி நாட்டுக்கு நான்கு வருடக் குத்தகைக்கு விட்டது அமெரிக்கா.

அந்த இரவலால் பாகிஸ்தானுக்குக் கிடைத்த லாபம் சின்னதல்ல. 1965 போரின்போது இந்தியாவிடம் ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. நம் முதல் நீர்மூழ்கி 'கல்வாரி' படையில் சேர்ந்தது 1967 டிசம்பரில்தான். நீர்மூழ்கி கட்டத் தெரியாத ஒரு நாடு, ஒரே கையெழுத்தில் பக்கத்து நாட்டை முந்திவிட்டது.

ஆனால் நாமக்கல்லில் லாரி ஓட்டிப் பிழைப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: வண்டி கிடைப்பது பெரிதில்லை, ஸ்பேர் கிடைக்கணும். 1965 போரோடு அமெரிக்கா ஆயுத உதவியை நிறுத்தியது. காஸியைச் செப்பனிடத் துருக்கிக்குக் கொண்டுபோனார்கள். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டியிருந்தது.

1971-ல் நம் 'விக்ராந்த்' விமானந்தாங்கியைத் தேடி வங்கக்கடலுக்கு அனுப்ப அந்தப் பழைய கப்பலைவிட்டால் வேறு இல்லை. பிரான்ஸிடம் விலைக்கு வாங்கிய புது நீர்மூழ்கிகளால் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது. நம் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, 'ராஜ்புத்' என்ற பழைய நாசகாரிக் கப்பலை அதன் பெயரில் வயர்லெஸ் பேச வைத்தார். விசாகப்பட்டினம் கான்ட்ராக்டர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாகக் கேட்டார்கள், கடைத்தெருவில் பேச்சு பரவட்டும் என்று. விக்ராந்த் மாலுமி ஒருவர் தன் தாயாரின் உடல்நிலை விசாரிப்பதுபோல ஒரு தந்தியும் போனது.

ராஜ்புத்தின் வெடிகுண்டுகளால் காஸி அழிந்தது என்கிறது இந்தியா; தானே விதைத்த கண்ணிவெடியோ உள்வெடிப்போ காரணம் என்பது மறுதரப்பு. எது உண்மையானாலும், பழுதுபார்க்கும் பட்டறையைவிட்டு அவ்வளவு தூரத்தில் அந்த வயதான கப்பலை நிறுத்தியது இரவலின் நெருக்கடிதான். ஆறு நாள் கழித்து நம் போர்க்கப்பல் 'குக்ரி'யை மூழ்கடித்தது பாகிஸ்தான் விலைக்கு வாங்கிய நீர்மூழ்கி 'ஹாங்கோர்'. அதை ஓட்டிய தலைமுறை நீர்மூழ்கிப் பாடம் படித்தது காஸியில். இரவலின் மெய்யான வரவு அந்தப் படிப்பு என்பேன்.

நம் கணக்கும் அப்படித்தான். சோவியத்திடம் 1988-ல் மூன்று வருடத்துக்கு இரவல் வாங்கிய அணுசக்தி நீர்மூழ்கி 'சக்ரா' போரே பார்க்காமல் திரும்பிப் போனது. கற்றவர்கள் இங்கேயே இருந்தார்கள். கல்பாக்கத்தில் தரையில் மாதிரி உலை எழுந்தது, 2009-ல் நம் அணுசக்தி நீர்மூழ்கி 'அரிஹந்த்' நீரில் இறங்கியது. ஆனால் அரிஹந்த் ஏவுகணை சுமக்கும் வகை. எதிரிக் கப்பலை விரட்டிப் பிடிக்கும் வகைக்கு 2012-ல் மறுபடி ரஷ்யாவிடம் இரண்டாவது 'சக்ரா'வைக் குத்தகைக்கு எடுத்தோம். 2021-ல் அதுவும் திரும்பிப் போனது. அந்த வகையை உள்நாட்டில் கட்ட அரசு இறுதி ஒப்புதல் தந்தது 2024-ல்தான். முதல் சக்ரா போன மறுவருடமே எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.